செத்துப்போனவர் விற்ற வீடு

எங்கே போனாலும் எனக்கு நாலு எட்டு முன்னால் நடந்தே பழகிய என் அருள் அண்ணாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. பூசை கொடுத்தோம், கல்லறைக்குப் பூ வைத்தோம், வந்தவர்களுக்குச் சோறு போட்டோம். எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். "தங்கமான மனுசன்பா, யாரா இருந்தாலும் நம்பிடுவான்" என்று உன்னோடு வண்டி ஓட்டியவர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இலையைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

யாரையும் நம்புவது ஒரு பெருமையா அண்ணா? யாரையும் நம்பிய நீ, கூடப் பிறந்தவளை ஏன் நம்பவில்லை?

இதைத் தபாலில் போட வழியில்லை. அதனால் ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வீடு வாங்கப் போகிறவர்கள் கையில் இது கிடைத்தால், உன்னை நான் திட்டுவதிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

நான் பதினாலு வருஷமாகப் பத்திரம் எழுதும் ஆபீசில் டைப் அடித்தவள். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில். கிரையப் பத்திரம், தானப் பத்திரம், பாகப் பிரிவினை எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது இரண்டாவது பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். நீ துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டினாய். எண்ணூர் ரோட்டில் வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடந்தாய். ராயபுரத்துக்குள்ளேயே ஏழு வாடகை வீடு மாறினாய். ஏழாவது வீட்டுக்காரர், உன் மகள் ஜெனி பன்னிரண்டாவது பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது காலி பண்ணச் சொன்னார். அன்றைக்குத்தான் சொந்த வீடு என்கிற பிடிவாதம் உன் தலையில் ஏறியது. அதில் தப்பே இல்லை.

முதலில் என்னிடம்தான் வந்தாய். எண்ணூர் பக்கம் ஒரு மனை. பழைய வரைபடத்தில் அந்த இடம் நீர்ப்பிடிப்பு என்று இருந்தது. "மழக்காலத்துல வந்து பாரு, உன் மனை தண்ணிக்கடியில கீது" என்றேன். விட்டுவிட்டாய். அடுத்து திருவொற்றியூரில் ஒரு ஃபிளாட். கட்டடத்துக்கு மூன்று மாடிக்குத்தான் அனுமதி. உனக்குக் காட்டியது நாலாவது மாடி. "அனுமதி இல்லாத மாடிக்கு நாளைக்கி சீல் வெச்சா எங்க போவ?" என்று கேட்டேன். அதையும் விட்டாய். அப்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "உன்னாண்ட காட்டினா எந்த வூடும் நிக்காதுமே. நீ எங்க வாய வெச்சாலும் ஓட்டதான்."

நானும் சிரித்தேன். அது சிரிக்கிற பேச்சு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அதோடு என்னிடம் காட்டுவதை நிறுத்திவிட்டாய்.

மூன்றாவது வீட்டைக் காட்டியவன் பாஸ்கர். நீ டீ குடிக்கிற கடையில் உனக்குத் தோஸ்து. உன்னை மாமு என்பான், அண்ணியை அக்கா என்பான், ஜெனிக்குப் பிறந்தநாள் கேக் வாங்கி வருவான். காலடிப்பேட்டையில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு. ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆன துரைக்கண்ணு என்ற பெரியவரின் வீடு. அவர் வில்லிவாக்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது, விற்பதற்கு பாஸ்கருக்கு பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று விலையையும் குறைத்திருக்கிறார். இதுதான் அவன் உனக்குச் சொன்ன கதை. அதில் பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட மோசம் என்று எத்தனை தடவை உனக்குச் சொல்லியிருப்பேன்?

பேங்க் லோனுக்குப் போகலாமா என்று அண்ணி கேட்டிருக்கிறாள். "லோனுன்னு போனா லீகல் பாக்கறேன்னு ரெண்டு மாசம் இழுப்பானுங்க அக்கா. அதுக்குள்ள வேற பார்ட்டி அடிச்சிகினு போய்டும்" என்று பாஸ்கர் சொல்லியிருக்கிறான். அண்ணி நகையைக் கழற்றிக் கொடுத்தாள். நீ பி.எஃப். பணத்தைத் துடைத்து எடுத்தாய்.

வீடு வாங்குகிறவர்களே, தயவுசெய்து இந்த இடத்தில் நில்லுங்கள். அந்த இரண்டு மாசம் இழுக்கிறார்கள் பாருங்கள், அதுதான் நமக்குப் பாதுகாப்பு. கையில் முழுப் பணம் இருந்தாலும் ஒரு வக்கீலிடம் தாய்ப் பத்திரம் முதல் எல்லாக் காகிதத்தையும் கொடுத்து, எழுத்தில் கருத்து வாங்குங்கள். "வேற பார்ட்டி" என்று எவன் அவசரப்படுத்துகிறானோ, அந்த வீட்டை அந்தப் பார்ட்டிக்கே விட்டுவிடுங்கள்.

நீ ஒன்றுமே பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வில்லங்கச் சான்று எடுத்திருந்தாய். முப்பது வருஷத்துக்கு எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாய். அதில் அடமானம் இல்லை, வேறு விற்பனை இல்லை. சுத்தமாக இருந்தது. ஆனால் அண்ணா, வில்லங்கத்தில் பத்திரம்தான் ஏறும். மனுசன் செத்தது ஏறாது.

பவர் என்பது உயிரோடு இருக்கிறவர் கொடுக்கிற அதிகாரம். கொடுத்தவர் கண்ணை மூடினால் அந்தக் காகிதத்துக்கும் அன்றைக்கே மூச்சு நின்றுவிடும். அதனால்தான் பவர் ஏஜென்ட் வந்து பத்திரம் போடும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு டாக்டரிடம் சான்று வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். பாஸ்கர் அதையும் வைத்தான். கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. துரைக்கண்ணு என்பவரை நேரில் பரிசோதித்ததாகவும் அவர் நல்ல நினைவோடு இருப்பதாகவும் எழுதியிருந்தது.

அந்தத் தேதிக்கு எட்டு மாசம் முன்னாலேயே துரைக்கண்ணுவை மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்தது. வேறு அலுவலகத்தில், வேறு எழுத்தரிடம் எழுதி, பதிவை முடித்துவிட்டு, பால் காய்ச்ச வா என்று மட்டும் கூப்பிட்டாய். "சர்ப்ரைஸ்" என்றாய். ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்தார். ஜெனி கிணற்றை எட்டி எட்டிப் பார்த்தாள். அண்ணி வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். நீ என் கையில் பத்திரத்தைக் கொடுத்து, "இப்ப கண்டுபுடி பாக்கலாம் தப்பு" என்றாய்.

முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டேன். "பவரா அண்ணா? ஓனரு வர்லியா? ஓனர நீ பாத்தியா?"

உன் முகம் சுருங்கியது. "இன்னிக்கி வேணாம் ஸ்டெல்லா. இன்னிக்கி ஒரு நாளு நல்லா கீதுன்னு சொல்லேன். பிரியாணி ஆறிப்போவுது, வந்து துன்னு."

நான் போய்ச் சாப்பிட்டேன். பத்திரத்தை உறைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, "வூடு சூப்பரா கீது அண்ணா" என்று சொன்னேன். மறுநாள் கேட்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் கேட்கவில்லை. மறு வாரமும் கேட்கவில்லை. ஒருவேளை எல்லாம் சரியாக இருக்குமோ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வாசலில் உன்னை லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிற கோலத்தில் பார்க்கும்போதெல்லாம், வாய் வரைக்கும் வந்த கேள்வியை விட்டுவிட்டு ஜெனியின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். உன் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேல் உள்ளது அண்ணா. பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாசம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் கஸ்தூரி அக்கா வந்தார்கள். துரைக்கண்ணுவின் மகள். அப்பா இறந்த துக்கத்தில் வீட்டுப் பக்கமே வராமல் இருந்துவிட்டு, வீட்டு வரியில் பெயர் மாற்றப் போயிருக்கிறார்கள். வரி ஏற்கெனவே யாரோ அருளப்பன் பெயருக்கு மாறிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். நேராக உன் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்.

"யாருங்க நீங்க? எங்க வீட்ல என்ன பண்றீங்க?"

"எங்க வூடுங்க இது" என்றாள் அண்ணி. "துரைக்கண்ணு அய்யாவாண்ட வாங்கினோம். நீங்க யாரு?"

"அவர் பொண்ணு. எங்கப்பா எப்ப வித்தாரு?"

நீ தேதியைச் சொன்னாய். அந்த அம்மா கத்தவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து உன் கையில் கொடுத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இறப்புச் சான்று. அதைப் படிக்கும்போது உன் உதடு அசைந்தது. இரண்டு தடவை படித்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். என்னைத்தான் முதலில் பார்த்தாய் அண்ணா, அண்ணியைக்கூட இல்லை.

"எதுக்குங்க உங்கப்பா அவனுக்கு பவர் குடுத்தாரு?" என்று கேட்டேன்.

"வாடகைக்கு ஆள் வெக்கறேன், வரி கட்டறேன், அதுக்கு ஒரு கையெழுத்து வேணும்னான். அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பிரிச்சுப் படிக்காம போட்டுட்டாரு" என்றார்கள். அவர்களும் ஏமாந்தவர்கள்தான். ஒரே வாசலில் ஏமாந்த இரண்டு குடும்பம். ஏமாற்றியவன் அந்த நேரம் எந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தானோ.

அன்று மத்தியானமே நீ தனியாக மூலக்கொத்தளம் போனாய். அங்கிருந்து எனக்கு போன் பண்ணினாய். "நான் வாங்குன வூட்டோட ஓனரு இங்க கீறாரு ஸ்டெல்லா. பேரு போட்ட சிலுவ ஒண்ணும் இல்ல, ஒரு வேப்பமரத்தாண்ட. பொண்டாட்டி பக்கத்துலயே வெச்சிருக்காங்க." உன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அவரு கையில துட்டு போய் சேரவே இல்லியேம்மே" என்று சொன்னாய். உன் பணம் போனது உனக்கு அப்போது தோன்றவில்லை.

பணம் முழுவதும் பாஸ்கரின் கணக்குக்குப் போயிருந்தது. பவர் ஏஜென்ட் வாங்கலாம் என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டான். இதைப் படிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பவர் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும், பணம் ஓனர் பெயருக்குத்தான் போக வேண்டும். ஓனர் பெயரில் ஒரு டி.டி. எடுத்திருந்தால் அந்த டி.டி.யை மாற்ற யார் வருவார்? அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். விற்கிறவரை நேரில் பாருங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் மழைக்கு எங்கே ஒழுகும், கிணற்றில் எந்த மாசம் தண்ணீர் வற்றும் என்று கேளுங்கள். சொந்தக்காரருக்குத்தான் அது தெரியும். பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். உன் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துரைக்கண்ணு செத்தது தெரியும் அண்ணா. அவர் சாவுக்கே போய்வந்தவள். நீ அவர் மகனிடமிருந்து வாங்கினாய் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலு நாள் நீ பாஸ்கரைத் தேடி அலைந்தாய். போன் அணைந்திருந்தது. ஐந்தாவது நாள் டூட்டிக்குப் போனாய். போகாதே என்று அண்ணி சொன்னாள். "குந்திகினு இருந்தா பைத்தியம் புடிக்கும்" என்றாயாம். துறைமுகத்துக்கு வெளியே, டிரெய்லர் வரிசையில், உச்சி வெயிலில், ஸ்டியரிங் மேல் சாய்ந்தாய். முன்னால் வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நீ தூங்கிவிட்டதாக நினைத்துத் திட்டினார்களாம். ஒருவர் ஏறி வந்து உன் தோளைத் தொட்டபோது எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஐம்பது வயதுகூட ஆகவில்லை. என்ன அவசரம் உனக்கு?

உன் காரியம் முடிந்ததும் நானும் அண்ணியும் கஸ்தூரி அக்காவும் சேர்ந்து போலீசில் நில மோசடிப் புகார் கொடுத்தோம். விசாரித்த போலீஸ் அம்மா பொறுமையானவர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அண்ணி அழுதுகொண்டே சொன்னாள். "எங்க ஸ்டெல்லாவுக்கு மட்டும் அன்னிக்கே தெரிஞ்சிருந்தா வுட்ருக்கவே மாட்டா மேடம். அவளாண்ட காட்டாமயே பண்ணிட்டாரு. அவ பாத்திருந்தா ஒரே நிமிசத்துல சொல்லிருப்பா."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. "பாத்தேன் அண்ணி" என்றேன். "பால் காய்ச்சுன அன்னிக்கே பத்திரத்த பாத்தேன். சந்தேகம் வந்துச்சி. வாய மூடிகினேன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை உன்னிடம் எப்படிச் சொல்வது? வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மூணு மாசம் அவன் ஊர்லயேதானே சுத்திகினு இருந்தான்? அன்னிக்கே சொல்லிருந்தா கழுத்துல துண்ட போட்டு புட்ச்சிருக்கலாம் இல்ல?" அவள் வேறு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை. ஜெனியிடம் கொடுத்தனுப்பிய மீன் குழம்பு அப்படியே திரும்பி வந்தது.

அந்த இரண்டு மாசத்துக்குள் பாஸ்கரைப் பிடித்தார்கள். சான்று கொடுத்த டாக்டரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆளையே பார்க்காமல், காகிதத்தில் இருந்த பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். பாஸ்கர் என்ன சொன்னான் தெரியுமா? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். பெர்சு செத்தது அருளுக்குத்தான் தெரியும். கம்மி ரேட்டுல வர்தேன்னு அவன்தான் அமுக்கிடலாம்னான். சர்ட்டிபிகேட்டும் அவனே வாங்கியாந்தான்" என்றானாம்.

செத்தவர் பேசமாட்டார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும் அண்ணா. ஒரு செத்தவரை உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிப் பிழைத்தான். இன்னொரு செத்தவனைத் திருடன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தான். தெருவில் பேச்சு பரவியது. "அப்டித்தான் இருக்கும், இல்லாட்டி அந்த ரேட்டுக்கு எவன் தருவான்?" என்று உன் சாவுக்கு வந்து அழுதவர்களே பேசினார்கள். ஜெனி காலேஜிலிருந்து வந்து பையைத் தூக்கி எறிந்தாளாம். "அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா, அத்த மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாளாம். உன் மகளே கேட்டாள். நீ என்ன பதில் வைத்திருந்தாய்?

வைத்திருந்தாய்.

ஒரு மத்தியானம், ஆபீசில் நான் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணி மாடிப்படி ஏறி வந்தாள். மூச்சிரைத்தது. என் மேஜை மேல் உன் போனை வைத்தாள். உன் குரலைக் கேட்பதற்காக அதை அணைக்காமலே வைத்திருந்திருக்கிறாள். தினம் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே பின்னால் போயிருக்கிறாள். "உம்மேல கோவம் போவல ஸ்டெல்லா" என்றாள். "ஆனா இத்த நீ கேக்கணும்."

பாஸ்கருக்கு நீ அனுப்பியது. பால் காய்ச்சுவதற்கு நாலு நாள் முன்னால். பின்னால் லாரி ஹாரன் சத்தம்.

"மாமு, ஞாயித்துக்கெழம பால் காய்ச்சறோம். துரைக்கண்ணு அய்யாவ நானே நேர்ல போயி கூப்டணும். அவரு பொண்டாட்டி புள்ளையோட வாழ்ந்த வூடு. அவரு வந்து நல்லா இருன்னு ஒரு வார்த்த சொன்னாதான் எனக்கு நிம்மதி. அட்ரஸ் அனுப்பு. வண்டிலயே இட்டாந்து வண்டிலயே கொண்டுபோய் வுட்டுடறேன்."

அதற்கு அவன் குரல். "அய்யாவுக்கு முட்டி வலி மாமு, அசைய முடில. நான் சொல்ட்டேன். கைய தூக்கி ஆசீர்வாதம் பண்ணாரு மாமு. புள்ள குட்டியோட நல்லா இருக்கணும்னாரு."

நான் அதை மூன்று தடவை கேட்டேன். மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அண்ணி என் முதுகில் கையை வைத்தாள். எங்கள் முதலாளி எழுந்து வந்து, வேலை நேரத்தில் என்னம்மா இது என்று கேட்டார். "உன் வேலைய பாத்துகினு போய்யா" என்றாள் அண்ணி. உன் ரீட்டா. யாரிடமும் எதிர்த்துப் பேசாத உன் ரீட்டா.

போனை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். விசாரித்த அம்மா அதை முழுவதும் கேட்டுவிட்டு, மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு, "இவரு பாதிக்கப்பட்டவரு. அப்படித்தான் எழுதுவேன்" என்றார். அப்படியே எழுதினார். குற்றப்பத்திரிகையில் உன் பெயர் ஏமாற்றப்பட்டவர் என்றுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஜெனியிடம் கொடுத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

வீடு? அது போய்விட்டது அண்ணா. அந்தப் பத்திரம் செல்லாது. கோர்ட்டில் கஸ்தூரி அக்கா போட்ட வழக்கை எதிர்த்து நிற்கலாம், பத்து வருஷம் இழுக்கலாம், உள்ளேயே இருந்துவிடலாம் என்று ஆளாளுக்கு அண்ணிக்கு யோசனை சொன்னார்கள். "அது அந்தம்மாவோட அப்பன் வூடு. தெரிஞ்சப்புறமும் குந்திகினு இருந்தா நானும் திருடிதானே?" என்று கேட்டாள். பத்திரத்தை ரத்து செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தாள். கஸ்தூரி அக்கா வந்து மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். "எங்க போவீங்க? வாடகைக்கு இருங்க. எங்கண்ணன்கிட்டயும் பேசிட்டேன். பொண்ணு படிப்பு முடியறவரைக்கும் யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்ல மாட்டோம்" என்றார்கள்.

வாய்ப்பேச்சு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வாடகை ஒப்பந்தம் எழுதினேன். கஸ்தூரி அக்காவும் அவர் அண்ணனும் வாரிசுச் சான்றோடு நேரில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். நீ சொந்தமாக வாங்கிய வீட்டில் உன் பெண்டாட்டியும் மகளும் வாடகைக்கு இருக்கிறார்கள். எட்டாவது வாடகை வீடு. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எதையாவது எடுத்து உடைக்கலாம் போல இருக்கிறது.

பாஸ்கர் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு நடக்கிறது. பணத்தில் கொஞ்சமாவது திரும்பி வருமா என்பது வக்கீலுக்கே தெரியவில்லை. அவன் மறுபடியும் அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். புதுச் சட்டை, புது விசிட்டிங் கார்டு. புது லேஅவுட்டும் புது ஃபிளாட்டும் விற்கிற தரகர், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். பழைய வீட்டை விற்கிறவனிடம் அதை யாரும் கேட்பதில்லை. அந்த இடுக்கில்தான் இவன் மாதிரி ஆள்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். கேளுங்கள். பழைய வீடானாலும் கேளுங்கள். பதிவு எண் இருக்கிறவனெல்லாம் யோக்கியன் என்று சொல்லவில்லை. எண் இல்லாதவன் ஓடினால் அவன் பெயர்கூட எங்கும் எழுதியிருக்காது.

இப்போது உனக்கு ஒரு செய்தி. நான் ஆபீசை விட்டுவிட்டேன். "நீ எழுத வந்தவளா, விசாரிக்க வந்தவளா?" என்று முதலாளி கேட்டார். ஒரு பவர் பத்திரத்தை டைப் அடிக்க மாட்டேன், கொடுத்தவரை முதலில் போனில் பேசச் சொல்லுங்கள் என்று நான் சொன்ன அன்றைக்கு. விசாரிக்கிறவள்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஃபோட்டோ, பான் கார்டு, விலாசம் எல்லாம் கொடுத்து, கட்டணம் கட்டி, தரகராகப் பதிவு செய்துகொண்டேன். ஆமாம் அண்ணா, உன் தங்கச்சி இப்போது வீட்டு புரோக்கர். அண்ணி அந்தச் சான்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிய பாத்தா எவன் வூடு வாங்க வருவான்?" என்றாள். நீ போனபிறகு அவள் கிண்டலடித்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வாங்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இந்தத் தொழிலில் நான் பணக்காரி ஆகப் போவதில்லை.

"அண்ணனை மன்னித்துவிட்டாயா?" என்று ஃபாதர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். வாசலில் லுங்கியோடு உட்கார்ந்திருக்க வேண்டியவன் இல்லாமல் போனதற்கு மன்னிப்பு அவ்வளவு லேசில் வருமா? என்னையே இன்னும் மன்னிக்கவில்லை, இதில் உனக்கு எங்கே போவேன்?

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அந்த டீக்கடையில், பாஸ்கர் உட்காரும் பெஞ்சுக்கு எதிர் பெஞ்சில் நான் உட்காரப் போகிறேன். கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அவன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், நான் டீ கிளாசோடு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். "ஓனர கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்பேன். அவன் முறைக்கட்டும், ஆள் வைத்து மிரட்டட்டும், புகார் கொடுக்கட்டும். இனிமேல் யார் வீட்டு லட்டுக்காகவும் நான் வாயை மூட மாட்டேன்.

உன்மேல் கோபமாகவே இருக்கும், உன் கூடப் பிறந்த
தங்கச்சி ஸ்டெல்லா